ஸ்விஃப்ட் ரிம்களுக்கு வீட்டில் ஸ்ப்ரே, அம்பத்தூரில் பவுடர் கோட்டிங்: ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரண்டு நாளும் எங்கள் கார் வேளச்சேரியில் அக்கா வீட்டு வாசலில், சக்கரங்கள் பாதி மூழ்கிய நிலையில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகவில்லை என்ற நிம்மதியில் மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன். ஜனவரியில் ஒரு பஞ்சருக்காகத் திருவான்மியூர் கடையில் நிறுத்தியபோதுதான் பிளாஸ்டிக் வீல் கப்புக்குப் பின்னால் இருந்த இரும்பு ரிம்மைச் சரியாகப் பார்த்தேன். காற்றோட்டத் துளைகளின் விளிம்பெல்லாம் துரு பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் நெருடினால் செதில் செதிலாக உதிர்ந்தது. கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வசிப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனுடன் வெள்ளநீரும் சேர்ந்துகொண்டது. பஞ்சர் கடைக்காரர் ரிம்மை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் கோணலா இல்ல சார், பெயிண்ட் அடிச்சிட்டீங்கன்னா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றார்.

வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. 14 அங்குல இரும்பு ரிம், 165/80 டயர். பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய டிஸ்க், அதாவது ரிம், வாங்கிப் போட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எந்தப் பள்ளத்தில் விழுந்து எப்படி நிமிர்த்தப்பட்டது என்று தெரியாத ரிம்மைவிட, வரலாறு தெரிந்த என் துருப்பிடித்த ரிம்மே மேல் என்று எனக்குப் பட்டது. ஆகவே முன் இடது, பின் வலது ஆகிய இரண்டையும் ஸ்டெப்னியையும் வீட்டிலேயே ஸ்ப்ரே அடிப்பது, முன் வலதையும் பின் இடதையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பவுடர் கோட்டிங் (உலர்ந்த பெயிண்ட் தூளைத் தூவி அடுப்பில் வேகவைக்கும் பூச்சு) பட்டறையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். இந்த வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். சூடும் பிரேக் தூசியும் முன் சக்கரங்களுக்கே அதிகம் என்பதால், இரண்டு முறைக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிரித்துக்கொண்டேன். வேலை முடிந்தது 2024 பிப்ரவரியில். இதை எழுதுவது 2025 ஆகஸ்டில்.

வீட்டு வேலையை முதலில் சொல்கிறேன். டயரைக் கழற்றாமலும் ரிம்முக்குப் பெயிண்ட் அடிக்கலாம். காற்றை இறக்கி, டயரின் உதட்டை ரிம்மிலிருந்து சற்றே நெகிழ்த்திவிட்டு, இடுக்கில் தடித்த அட்டைத் துண்டுகளை வரிசையாகச் செருகினால் டயரில் பெயிண்ட் படாது. எங்கள் வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டிச் செருகினேன். பளபளப்பு அட்டை என்பதால் பெயிண்ட் ஊறவில்லை, பயன் என்று பார்த்தால் மாஸ்கிங் டேப்பைவிட மேல். ஆனால் இப்படிச் செய்தால் ரிம்மின் உதட்டுக்கு உட்புறம் இருக்கும் துரு அப்படியே தங்கிவிடும். ஸ்டெப்னிக்கு மட்டும் இந்த வழியைப் பின்பற்றிவிட்டு, மற்ற இரண்டுக்கும் பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிக்கொண்டேன்.

சக்கரங்கள் இல்லாத காரை ஜாக்கியை நம்பியோ ஹாலோ பிளாக் மீதோ நிறுத்தக் கூடாது. சென்னை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் இந்தக் காட்சியை அடிக்கடி காண்கிறேன். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டுகள் ஒரு ஜோடி வாங்குவது இந்த முழு வேலையிலும் பேரம் பேசக் கூடாத செலவு.

பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் ரிம்மைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, தின்னர் நனைத்த பனியன் வேஸ்டால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தேன். மண்ணெண்ணெய் வேண்டாம், அது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், பிரைமர் எனும் அடிப்பூச்சு அதன் மேல் ஒட்டாது. பிறகு டிரில்லில் கம்பிப் பிரஷ் கிண்ணத்தை மாட்டித் துருவை எடுத்தேன். அதன் பின் 80, 180, 400 என்று உப்புத்தாள், குழிவுகளுக்கு 3எம் நிறுவனத்தின் சிவப்பு ஸ்காட்ச்-பிரைட். ஒரு ரிம்முக்கு இந்தத் தயாரிப்பே மூன்றரை மணி நேரம் பிடித்தது. பெயிண்ட் அடித்த நேரம் மொத்தம் இருபது நிமிடம்கூட இருக்காது.

இந்த இடத்தில் நான் எடுத்த ஒரு முடிவு அப்போது சோம்பலில் எடுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரும்பு ரிம் என்பது இரண்டு பாகம்: நட்டுத் துளைகள் உள்ள நடுத்தட்டு, டயர் உட்காரும் வெளிவளையம். இரண்டும் வெல்டிங்கில் சேர்கின்றன. சேரும் இடத்தில் சுற்றிலும் ஓர் இடுக்கு உண்டு. அந்த இடுக்கில் ஆலையில் பூசிய கறுப்புப் பிரைமர் பெரும்பாலும் அப்படியே உறுதியாக இருந்தது. கம்பிப் பிரஷ் அங்கே நுழையவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. துரு கண்ட இடத்தை மட்டும் சுரண்டி, துரு மாற்றும் திரவத்தைத் தூரிகையால் தடவிவிட்டு விட்டுவிட்டேன். இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயிண்ட் வாங்கும்போது பலர் செய்யும் தவறு, "வீல் சூடாகுமே" என்று சைலன்சருக்கு அடிக்கும் உயர் வெப்பப் பெயிண்டை வாங்குவது. அந்தப் பெயிண்ட் நன்றாகச் சூடேற்றினால்தான் முழுமையாக இறுகும். அன்றாட ஓட்டத்தில் ரிம் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. ஆகவே நகத்தால் கீறினாலே வரும் நிலையில் அது தங்கிவிடும். சாதாரண அக்ரிலிக் ஸ்ப்ரே போதும். ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் இரு கூறு கிளியர் கோட், அதாவது நிறமற்ற மேற்பூச்சு, இன்னும் உறுதியானதுதான். ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பது, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. குழந்தைகள் விளையாடும் கீழ்த்தளத்தில் அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

சென்னையில் ஸ்ப்ரே அடிப்பதற்கு ஒரு நேரம் உண்டு. வானம் தெளிந்த பிப்ரவரி நாளில் காலை ஒன்பதரைக்கு மேல் தொடங்கி, கடற்காற்று உள்ளே வருவதற்கு முன் கடைசி பூச்சை முடித்துவிட வேண்டும். தின்னர் ஆவியாகும்போது உலோகப் பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து கிளியர் கோட் பால் கலந்தது போல வெளிறிவிடும். ஸ்டெப்னியில் மாலை நாலரைக்குக் கிளியர் அடித்து இதைக் கண்ணாரக் கண்டேன். மற்ற இரண்டில் 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் இருந்து, பத்து நிமிட இடைவெளியில், பிரைமர் இரண்டு, சில்வர் நான்கு, கிளியர் மூன்று என்று மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். ஒரே பூச்சில் மூட வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் இதில் கைத்திறன் எல்லாம். இரண்டாம் மாடி அம்மா, "தம்பி, மேல துணி காயப் போட்டிருக்கேன், சாயம் பறந்து வருமா?" என்று கேட்டபோது வேலையை நிறுத்தி, அவர் துணியை எடுக்கும் வரை காத்திருந்தேன். கேட்டது நியாயம்தான், கீழே நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரின் இருக்கையில் அன்று மாலை வெள்ளித் துகள்களைத் துடைத்தேன்.

செலவு: பிரைமர் இரண்டு டப்பா 640 ரூபாய், சில்வர் மூன்று 1,020, கிளியர் இரண்டு 760, துரு மாற்றும் திரவம் 260, உப்புத்தாளும் டேப்பும் மற்றவையும் 430, கம்பிப் பிரஷ் 180, தின்னர் 120. ஆக மூன்று ரிம்களுக்கு 3,410 ரூபாய். ஒன்றுக்கு ஏறத்தாழ 1,140. என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இதில் சேர்க்கவில்லை.

இனி அம்பத்தூர். மச்சான் காரில் இரண்டு ரிம்களையும் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு, பாடி வழியாகப் போனோம். 1960-களிலிருந்து இரும்புச் சக்கரம் செய்துவரும் வீல்ஸ் இந்தியா இருக்கும் பாடியைத் தாண்டிப் போய்த் துருப்பிடித்த ரிம்முக்கு வைத்தியம் பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் போன பட்டறையின் பெயரை எழுதவில்லை. அவர்களின் முக்கிய வேலை ஜன்னல் கிரில், ரேக், மின்பெட்டி ஆகியவைதான், ரிம் எப்போதாவது வருவது. மணலை வேகமாக வீசித் துருவையும் பழைய பூச்சையும் எடுக்கும் பிளாஸ்டிங் ரிம்முக்கு 300, கோட்டிங் 900. ஆக ஒன்றுக்கு 1,200 ரூபாய். வீட்டுச் செலவுடன் ஒப்பிட்டால் அறுபது ரூபாய்தான் வித்தியாசம் என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

வேலை நடப்பதை நின்று பார்க்க அனுமதித்தார்கள், அதற்கு நன்றி. பிளாஸ்டிங் முடிந்து வந்த ரிம் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், தொட்டால் சொரசொரப்பாக இருந்தது. கை படாமல் துணியால்தான் தூக்கினார்கள், இது நல்ல பழக்கம். பிறகு எர்த் கொடுத்த சட்டத்தில் கொக்கியில் மாட்டி, துப்பாக்கியால் பவுடரைத் தூவினார்கள். 60 முதல் 100 கிலோவோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் மின்னூட்டம் பெற்ற துகள்கள், எர்த்தில் இருக்கும் இரும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. துப்பாக்கி நேரே பார்க்காத பின்பக்கத்துக்கும் பவுடர் வளைந்து போவதைப் பார்த்தபோது மச்சான் வாயைப் பிளந்தார். ஆனால் சட்டத்தின் கொக்கிகளில் பழைய பூச்சுகள் அடுக்கடுக்காகத் தேன்கூடு போலத் திரண்டிருந்தன. கொக்கியில் பூச்சு ஏறினால் எர்த் கெடும். எர்த் கெட்டால் பவுடர் சீராகப் பிடிக்காது. "அண்ணே, இந்தக் கொக்கியக் கொஞ்சம் சுரண்டிட்டு மாட்டலாமா?" என்று கேட்டேன். ஃபோர்மேன் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு அரத்தை எடுத்து இரண்டு கொக்கிகளின் முனையைத் தேய்த்தார். முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது. வேலை சரியாக நடந்தது.

பவுடரில் எபாக்சி, பாலியஸ்டர் இரண்டையும் வைத்திருந்தார்கள். வெயிலில் நிற்கும் பொருளுக்குப் பாலியஸ்டர்தான் வேண்டும். எபாக்சி சூரிய ஒளியில் சுண்ணாம்பு பூத்தது போல மங்கிவிடும். இதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் அன்று துப்பாக்கியில் எது இருக்கிறதோ அதுதான் வரும். அடுப்பில் 190 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. அது அடுப்புக் காற்றின் சூடு. பவுடர் இறுக வேண்டுமானால் இரும்பே 180 முதல் 200 டிகிரிக்கு வந்து பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். தடித்த நடுத்தட்டு கிரில் கம்பியைவிட மெதுவாகத்தான் சூடேறும். வீட்டுக்கு வந்த பின் மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் உட்புறத்தில் இருபது முறை தேய்த்துப் பார்த்தேன். பஞ்சில் நிறம் ஏறவில்லை, பளபளப்பும் மங்கவில்லை. ஆக, வேக்காடு சரி.

குறை வேறிடத்தில் இருந்தது. நட்டு உட்காரும் கூம்புக் குழிகளையும், ஹப்போடு (சக்கரத்தை மாட்டும் அச்சுப் பகுதி) ஒட்டி உட்காரும் பின்முகத்தையும் மூடாமல் அவற்றின் மேலும் பவுடர் அடித்துவிட்டார்கள். கேட்டதற்கு, "நட்டு டைட் பண்ணா அது தானா அமுங்கிடும் சார்" என்று பதில் வந்தது. அமுங்கும் என்பதுதான் பிரச்சினையே. இறுக்கிய போல்ட் மிக நுண்ணிய அளவில் நீண்டு நிற்பதால்தான் சக்கரம் பிடிப்போடு இருக்கிறது. நடுவே 60, 80 மைக்ரான் தடிமனுள்ள பூச்சு அமுங்கி வழிந்துகொடுத்தால் அந்தப் பிடிப்பு தளரும். இது எனக்கு அப்போது ஏட்டறிவாகத்தான் தெரியும். சோம்பலில் அந்தப் பூச்சைச் சுரண்டாமலே, நட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போனேன். அங்கே வண்டியை நிறுத்தி மீண்டும் ரெஞ்சை வைத்தபோது, முன் வலது சக்கரத்தின் நான்கு நட்டுகளில் மூன்று, ஏறத்தாழக் கால் திருப்பு திரும்பின. வீட்டில் ஸ்ப்ரே அடித்த பக்கத்தில் ஒன்றுகூட அசையவில்லை. அங்கே கூம்புகளை டேப் ஒட்டி மூடியிருந்தேன். வெயில் சுட்டெரித்த அந்த வண்டி நிறுத்தத்தில் எனக்கு உள்ளங்கை குளிர்ந்தது. அங்கேயே இறுக்கிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வந்து, இரண்டு ரிம்களையும் கழற்றி, எட்டுக் கூம்புகளையும் பின்முகத்தையும் இரும்பு தெரியும் வரை சுரண்டினேன். அதற்குப் பிறகு நட்டு தளரவில்லை. 900 ரூபாய் வாங்கும் வேலையில் இந்த மூடல் சேர்த்திதான். அதற்காக இந்தப் பட்டறைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி போகிறது.

இப்போது பதினெட்டு மாதம் கழித்து நிலைமை. முகப்பைப் பார்த்தால் பவுடர் கோட்டிங் எளிதாக வெல்கிறது. டயர் மாட்டும் இயந்திரத்தின் பிடி என் ஸ்ப்ரே ரிம்களில் முதல் நாளே நான்கு கீறல்களை இட்டது. பவுடர் ரிம்களில் அதே பிடி ஒரு தடம்கூடப் பதிக்கவில்லை. பேலன்சிங் எடையை அடித்து மாட்டிய இடத்திலும் அப்படித்தான். முன் இடது ஸ்ப்ரே ரிம்மில் பிரேக் தூசி பழுப்புப் புள்ளிகளாகப் பதிந்து, ஷாம்பூவுக்கு மசியவில்லை. நட்டுத் துளைகளைச் சுற்றி ஸ்பேனர் பட்ட இடம் பெயர்ந்திருக்கிறது. பின் வலது மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது.

ஆனால் நடுத்தட்டும் வளையமும் சேரும் அந்த இடுக்கைக் கவனித்தால் கதை தலைகீழ். பவுடர் ரிம்கள் இரண்டிலும் அங்கே துரு கோடிட்டிருக்கிறது. முன் வலதில் கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சு வெங்காயச் சருகு போல மொத்தமாக எழும்பி நிற்கிறது. ஸ்ப்ரே ரிம்களின் இடுக்கில் துரு இல்லை. எனக்குப் புரிந்த காரணம் இது. ஆலையில் இத்தகைய ரிம்களை முழுதாகத் தொட்டியில் மூழ்கவிட்டு, மின்முறையில் பிரைமர் ஏற்றுகிறார்கள். திரவம் புகும் எந்த இடுக்கிலும் அந்தப் பிரைமர் புகும். பிளாஸ்டிங் அதை எட்டிய மட்டும் அடித்துப் போக்கிவிட்டது. மின்னூட்டத்தோடு வரும் பவுடரோ குறுகிய மூலைகளுக்குள் இறங்காமல் விளிம்புகளிலேயே படிந்துவிடும் இயல்புடையது. இதைக் கோட்டிங் தொழிலில் ஃபாரடே கூண்டு விளைவு என்பார்கள். ஆக, பழைய காப்பும் போய், புதிய காப்பும் சேராத இடமாக அந்த இடுக்கு நின்றது. என் சோம்பல் வீட்டு ரிம்களில் பழைய பிரைமரைக் காப்பாற்றியிருக்கிறது.

பவுடர் கோட்டிங்கையே வீட்டில் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: சிறு துப்பாக்கிகள் இணையத்தில் கிடைக்கின்றன, சிக்கல் அடுப்பில்தான். 14 அங்குலம் என்பது டயர் உட்காரும் விட்டம். உதட்டோடு சேர்த்து அளந்தால் ரிம் அதைவிடப் பெரிது, சமையலறை ஓடிஜிக்குள் போகாது. போனாலும், ஒருமுறை பவுடர் வெந்த அடுப்பில் பிறகு கேக் வேகவைக்கக் கூடாது. காற்றில் பறக்கும் நுண்பவுடர் தீப்பொறி பட்டால் வெடிக்கும் தன்மை கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அடுக்குமாடியில் இதற்கு இடமில்லை. பிராக்கெட், நட்டு மூடி போன்ற சில்லறைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அலாய் வீல் வைத்திருப்பவர்கள் கூடுதலாகச் சிலவற்றைக் கேட்க வேண்டும். அலாய் வெப்பப் பதப்படுத்தலால் உறுதி பெற்றது. 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் அந்த உறுதி குறையும். பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் தொட்டியில் போட்டால் அலுமினியத்தையே அரித்துவிடும். வார்ப்பில் நுண்துளைகள் இருப்பதால் கோட்டிங்குக்கு முன் ஒருமுறை வெறுமனே சூடேற்றிக் காற்றை வெளியேற்றாவிட்டால் பூச்சில் ஊசித்துளைகள் வரும். விரிசல் விட்ட அலாய்க்குப் பூச்சு போடவே கூடாது; தடித்த பவுடர் விரிசலைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். இரும்பு ரிம்மோ அலாயோ, அடுப்புக்குப் போகும் முன் டயரோடு ரப்பர் வால்வையும் கழற்றிவிட்டுப் புது வால்வு போட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் முன் இடது ரிம்மை அதே பட்டறைக்குக் கொண்டுபோவதாக இருக்கிறேன். எழும்பிய முன் வலதும் கூடவே போகிறது. பின் வலதைத் தொடப் போவதில்லை. முன் இடதின் இடுக்கில் பழைய பிரைமர் தங்கியிருப்பதால் அங்கே பிளாஸ்டிங் படாமல் மறைக்கச் சொல்வேன். இரண்டிலும் பவுடர் வெந்து வந்த பிறகு இடுக்கில் எபாக்சி பிரைமரைத் தூரிகையால் நானே பூசிக்கொள்வேன். புதுப்பேட்டையில் எட்டுப் பழைய நட்டுகளும் அவற்றுக்கு ஏற்ற போல்ட்டுகளும் எடைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். பட்டறை வாசலில் நின்று எட்டுக் கூம்புகளிலும் அவற்றை என் கையாலேயே முடுக்கி, பின்முகத்தில் அடுப்புச் சூடு தாங்கும் பச்சை பாலியஸ்டர் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் ஃபோர்மேனிடம் ரிம்களைக் கொடுப்பேன்.